அம்மாவுக்கு ஒரு வக்கீல், அப்பாவுக்கு ஒரு வக்கீல்

ஒரு சின்னக் கணக்கு. கணவன், மனைவி பிரிகிறார்கள். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவள் யாரிடம் இருப்பது என்று பெங்களூர் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு. சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர், வக்கீல்கள் இரண்டு பேர். வக்கீல் இல்லாத அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான் வழக்கே!

நான் வக்கீல் இல்லை. பெங்களூரில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, பிறகு சிட்னிக்கு மூட்டை கட்டிய சாதாரண மென்பொருள் ஆசாமி. ஆனால் இந்த ஊரில் நாலு தமிழ்க் குடும்பம் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால், எப்படியும் ஒரு விவாகரத்துக் கதை காதில் விழும். அதில் பல கதைகள் விமான நிலையத்தில் போய் நிற்கும். "லீவுக்குன்னு புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போனா, திரும்பி வரலை." "அவர் டிக்கெட் போட்டதே எனக்குத் தெரியாது." இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நூற்றுமுப்பது வருஷத்துச் சரித்திரம் இதற்குள் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைனர் என்றால் யார்?

குழந்தையின் கார்டியன் யார் என்று முடிவு செய்ய இந்தியக் கோர்ட்டுகள் இன்றும் எடுக்கிற சட்டம் 1890-ல் வந்த கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. அதைப் புரட்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி சொத்து விவகாரம்தான். மைனரின் நிலத்தை கார்டியன் விற்கலாமா, கணக்கு எப்போது கொடுக்க வேண்டும், இப்படியே போகும். அந்தக் காலத்து சர்க்காருக்கு மைனர் என்றால் முதலில் நினைவுக்கு வந்தவன் வாரிசு. நம் தமிழிலேயே சாட்சி இருக்கிறதே! சில்க் ஜிப்பா, தங்கச் சங்கிலி, வில்லு வண்டி என்று திரிகிறவனை "மைனர்" என்கிறோம். அந்தப் பட்டம் வயசுக்கு வராத ஜமீன் வாரிசுகளிடமிருந்து ஒட்டிக்கொண்டதாகத்தான் சொல்வார்கள். ஸ்கூல் பை மாட்டிய எட்டு வயசுப் பெண் யாருக்கும் "மைனராக" ஞாபகம் வருவதில்லை.

அந்தச் சட்டத்திலும் ஒரு ஜன்னல் உண்டு. பதினேழாம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு: விவரமாக விருப்பம் சொல்லும் அளவுக்கு வளர்ந்த குழந்தையாக இருந்தால், அந்த விருப்பத்தைக் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், "எடுத்துக்கொள்ளலாம்". எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. அந்த விருப்பத்தைக் குழந்தையிடம் யார் கேட்டறிவது, எப்படிக் கேட்பது என்பதற்கும் அங்கே ஒரு வார்த்தை கிடையாது.

1956-ல் இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம் வந்தது. குழந்தையின் நலன்தான் முதன்மை என்று அதில் எழுதினார்கள். நல்ல வாக்கியம். ஆனால் அதே சட்டம் இயற்கையான கார்டியன் அப்பா, "அவருக்குப் பிறகு" அம்மா என்றும் சொன்னது. கோயமுத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-ல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, அப்பா கையெழுத்து வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அவர் உச்சநீதிமன்றம் வரை போனார். 1999-ல் தீர்ப்பு வந்தது. "பிறகு" என்றால் அப்பா செத்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாத நேரத்திலும் அம்மாதான் கார்டியன் என்றார்கள். அம்மாவின் குரல் கோர்ட்டில் ஏற நாற்பத்து மூன்று வருஷம் ஆயிற்று. குழந்தையின் குரல் அப்போதும் வரிசையில்தான் நின்றது.

கறுப்புக் கோட்டு வேண்டாம்

குடும்ப நீதிமன்றம் என்ற யோசனைக்குப் பின்னால் இருப்பவர் துர்காபாய் தேஷ்முக். சென்னைக்காரர்களுக்கு அவர் ஆந்திர மகிளா சபாவை ஆரம்பித்தவர். சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்தவர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1953-ல் சீனா போய்வந்தவர் அங்கே பார்த்த குடும்ப கோர்ட்டுகளைப் பற்றி நேருவிடமும் நீதிபதிகளிடமும் பேசினார். 1974-ல் சட்ட ஆணையம், தன் 59-வது அறிக்கையில், குடும்பச் சண்டையை மற்ற சிவில் வழக்கு மாதிரி நடத்தக் கூடாது என்றது. கடைசியில் 1984-ல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பெங்களூருக்கும் சென்னைக்கும் இந்தக் கோர்ட்டுகள் வந்தன.

அந்தச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு சுவாரசியமானது. வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமை கிடையாது என்றே சொல்கிறது! வக்கீல்கள் வந்தால் சண்டை வளரும், கவுன்சிலர் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும் என்பது நோக்கம். நீதிபதிக்குத் தேவைப்பட்டால் மட்டும் ஒரு சட்ட நிபுணரை கோர்ட்டுக்கு உதவியாளராக அழைக்கலாம். டாக்டர், சமூக நலப் பணியாளர் ஆகியோரின் உதவியையும் கேட்கலாம்.

நடந்தது என்ன? கோர்ட் அனுமதி வாங்கிக்கொண்டு அப்பாவின் வக்கீலும் வந்தார், அம்மாவின் வக்கீலும் வந்தார். இன்று பெங்களூர் சித்தையா ரோடில் இருக்கும் நியாய தேகுல கட்டடத்துக்குப் போய்ப் பாருங்கள் (தேகுல என்றால் கன்னடத்தில் கோயில்), கறுப்புக் கோட்டுக்குப் பஞ்சமே இல்லை. வக்கீல் வேண்டாம் என்ற கொள்கை கடைசியில் முழுசாகப் பலித்தது குழந்தை விஷயத்தில் மட்டும்தான். கஸ்டடி வழக்கில் குழந்தைக்குத் தனி வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீதிபதி விரும்பினால் குழந்தையைத் தன் அறைக்கு அழைத்து சில நிமிஷம் பேசுவார். அதுவும் பல சமயம் அவளை அன்று காலை கூட்டிக்கொண்டு வந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது.

ஒரு குழந்தை செத்த பிறகு

மற்ற நாடுகளும் ஞானோதயத்தில் இதைச் செய்துவிடவில்லை. இங்கிலாந்தில் மரியா கோல்வெல் என்று ஒரு சிறுமி. சில வருஷங்களாக அத்தை வீட்டில் வளர்ந்து கொண்டிருந்தாள். பெற்ற தாய் திருப்பிக் கேட்டார். உள்ளூராட்சி அதை எதிர்க்கவில்லை. கோர்ட்டில் இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்றதால், போக மாட்டேன் என்ற குழந்தையின் அழுகையை எடுத்துச் சொல்ல அங்கே ஆளே இல்லை. தாயிடம் அனுப்பினார்கள். 1973 ஜனவரியில், பிரைட்டன் நகரில், வளர்ப்புத் தகப்பன் அடித்ததில் ஏழு வயதில் இறந்துபோனாள். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1975-ல் வந்த குழந்தைகள் சட்டத்தில்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் குழந்தைக்குத் தனிப் பிரதிநிதித்துவம் என்ற ஏற்பாடு நுழைந்தது.

நியூயார்க்கில் 1962-லேயே குடும்ப கோர்ட் சட்டத்தில் குழந்தைக்கு வக்கீல் வந்துவிட்டார். ஆஸ்திரேலியாவில் 1975 குடும்பச் சட்டம் இதற்கு வழி வைத்தது. 2006 முதல் அவருக்கு "சுதந்திரக் குழந்தை வக்கீல்" என்று பெயர். எல்லா வழக்குக்கும் கிடையாது. வன்முறை, கடும் பகை, வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகும் பயம் என்று சிக்கல் இருந்தால் கோர்ட் நியமிக்கும். 2024 மே மாதத்திலிருந்து, விதிவிலக்கான சூழல்கள் தவிர, அந்த வக்கீல் குழந்தையை நேரில் சந்தித்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அதுவரை கோப்பை மட்டும் படித்துவிட்டு வாதாடியவர்களும் உண்டு என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். சிங்கப்பூரிலும் 2014-ன் குடும்ப நீதி விதிகளில் குழந்தைப் பிரதிநிதி என்று ஒருவருக்கு இடம் வைத்தார்கள்.

இதற்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?

இருபது வருஷம் கோர்ட்டில் நின்ற வக்கீலுக்குக் குழந்தையிடம் பேசச் சொல்லித் தர வேண்டுமா? வேண்டும். வக்கீல் கற்றுக்கொண்ட முதல் வித்தை குறுக்கு விசாரணை. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்வியை வளைத்துப் போடுவது. குழந்தையிடம் அதுதான் ஆகவே ஆகாது. பெரியவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்று கண்டுபிடித்து அதையே சொல்வதில் நம் குழந்தைகள் கெட்டிக்காரர்கள். "அம்மா அடிப்பாங்களா?" என்றால் ஒரு பதில். "வீட்டில கோபம் வந்தா என்ன நடக்கும்?" என்றால் வேறு பதில்.

இரண்டாவது பாடம், எதைக் கேட்கக் கூடாது என்பது. "உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" நம் வீடுகளில் விளையாட்டுக்குக் கூட மாமா, சித்தி எல்லாம் கேட்கிற கேள்வி. கோர்ட் வாசலில் அது விஷம். எந்தப் பதில் சொன்னாலும் இன்னொருவருக்குத் துரோகம் செய்ததாக அந்தக் குழந்தை ஆயுசுக்கும் நினைக்கும். பள்ளிக்கூடம், தூங்கும் நேரம், யார் சாப்பாடு போடுவார்கள், யாரைப் பார்த்தால் பயம் என்று தினசரி வாழ்க்கையைக் கேட்டால், கேட்காத கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். முடிவு எடுப்பது நீதிபதி, அந்தப் பாரம் உன் தலையில் இல்லை என்பதையும் வக்கீல் அவளுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சும்மா சத்தியம் செய்யக் கூடாது. எதை வெளியே சொல்ல வேண்டிவரும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அம்மா ஒரு நாளும், அப்பா ஒரு நாளும் கூட்டி வந்தால் பேச்சு மாறுகிறதா என்று இரண்டு முறையாவது பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டமான பாடம். குழந்தையின் வக்கீல் எதைச் சொல்ல வேண்டும்? குழந்தை விரும்புவதையா, குழந்தைக்கு நல்லது என்று தான் நினைப்பதையா? அமெரிக்க வக்கீல் சங்கம் 2003-ல் கஸ்டடி வழக்குகளுக்கு நெறிமுறை வகுத்தபோது இதை இரண்டு தனி வேலையாகவே பிரித்தது. ஒருவர் குழந்தையின் கட்சிக்காரராக நின்று அதன் விருப்பத்தைச் சொல்பவர். இன்னொருவர் அதன் நலனை ஆராய்ந்து சொல்பவர். நியூயார்க்கில் பெரும்பாலும் முதல் வகை. இங்கே ஆஸ்திரேலியாவில் இரண்டாம் வகை. ஆனால் இங்கேயும் குழந்தையின் விருப்பம் என்ன என்பதை மறைக்காமல் கோர்ட் முன் வைத்தாக வேண்டும்.

எல்லாம் ஒரே ஊரில்

இப்போது பெங்களூருக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் பயிற்சி ஒரு ஊரில் வேர்விட வேண்டும் என்றால் அந்த ஊர் இதுதான். நாகர்பாவியில் தேசிய சட்டப் பள்ளி. மாதவ மேனன் இயக்குநராக இருந்து 1988-ல் வகுப்புகளைத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் பழகாமல் டாக்டர் ஆக முடியாது, கட்சிக்காரரைப் பார்க்காமல் வக்கீல் ஆவது மட்டும் எப்படி என்று கேட்கிற கல்விமுறையை நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். அங்கேயே 1996 முதல் குழந்தை மற்றும் சட்ட மையம் இயங்கிவருகிறது. ஊரின் இன்னொரு கோடியில், ஓசூர் ரோடில் நிம்ஹான்ஸ். அங்கே குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலத் துறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக டிராஃபிக்கில் எவ்வளவு நேரமாகும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஊர் ஒன்றுதான்.

இந்த ஊரில் நிறைய நடந்தும் இருக்கிறது. சட்டத்துடன் மோதிய சிறுவர்கள், பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகள் ஆகிய இரண்டு தரப்புக்குமான வழக்குகளில் குழந்தையோடு எப்படிப் பேசுவது, கோர்ட்டை எப்படி அமைப்பது என்று ஆய்வும் பயிற்சியும் நடந்தன. போக்சோ சட்டம் 2012-ல் வந்த பிறகு, சட்டப் பள்ளியின் அந்த மையம் கர்நாடகம் உட்பட ஐந்து மாநிலங்களின் சிறப்பு கோர்ட்டுகளைப் போய்ப் பார்த்து எழுதியது. நிம்ஹான்ஸில் 2020 முதல் சம்வாத் என்ற பிரிவு, மத்திய அரசின் ஆதரவோடு, குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி தருகிறது. நீதித்துறையினரும் அதில் அடக்கம்.

கவனித்தீர்களா? குழந்தை குற்றம் செய்தால் அதற்கு வக்கீல். குழந்தைக்குக் குற்றம் இழைக்கப்பட்டால் அதன் குடும்பம் வக்கீல் வைத்துக்கொள்ள போக்சோ சட்டத்திலேயே வழி. குற்றம் எதுவும் இல்லாமல், அப்பாவும் அம்மாவும் பிரிந்ததால் மட்டும் கோர்ட்டுக்கு வந்த குழந்தைக்குத்தான் ஒன்றும் இல்லை.

சட்டத்தில் கதவு இல்லாமல் இல்லை. 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பன்னிரண்டாம் பிரிவு: இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் "பெண் அல்லது குழந்தை" என்று இருக்கிறது. வருமானக் கணக்கு அதற்குத் தேவையில்லை. அப்பா அமெரிக்காவில் டாலரில் சம்பாதித்தாலும் குழந்தை தன் பெயரில் தகுதி உள்ளதுதான். கர்நாடக மாநில ஆணையத்தின் அலுவலகம் இருப்பதும் அதே நியாய தேகுல கட்டடத்தில். ஆனால் எட்டு வயசுப் பெண் மாடியேறிப் போய் விண்ணப்பம் எழுதித் தரமாட்டாள். அவள் சார்பில் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கிறார்கள். நீதிபதி தானாக ஆணையத்துக்கு எழுதி, பதின்மூன்றாம் பிரிவின்படி ஒருவரை அழைத்தால்தான் உண்டு. அப்படி அழைக்கும்போது, இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர்களின் பட்டியல் ஒன்று அவர் மேசையில் இருக்க வேண்டாமா?

நம்ம கதை

இதெல்லாம் ஊர்க் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அதிகம் அடிபடுவது நம் குழந்தைகள்தான். பெயர்களை வேண்டுமென்றே விடுகிறேன், அவர்கள் இப்போது வளர்ந்திருப்பார்கள்.

2009-ல் ஒரு வழக்கு. அமெரிக்காவில் பிறந்த பையனை அம்மா இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். போலீசால் கண்டுபிடிக்க முடியாமல் உச்சநீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. இரண்டு வருஷத் தேடலுக்குப் பிறகு தாயையும் பையனையும் சென்னையில் கண்டுபிடித்தார்கள். அவனுக்கு ஏழு வயது. அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது கோர்ட். 2015-ல் கோயமுத்தூர் வழக்கு: இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு பெண் குழந்தைகள், அங்கே ஏற்கனவே கோர்ட் உத்தரவு இருந்ததால் திரும்பிப் போக வேண்டும் என்று தீர்ப்பு. 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தை மாற்றியது. வெளிநாட்டு உத்தரவு ஒரு அம்சம்தான், குழந்தையின் நலனை இங்கேயே பார்க்கலாம் என்றது.

2022 ஜூலையில் பெங்களூர் வழக்கு. 2020-ல் அமெரிக்காவிலிருந்து அம்மாவோடு வந்த பையன். கர்நாடக உயர்நீதிமன்றம் அவனோடு பேசிப் பார்த்தது. உச்சநீதிமன்றமோ அமெரிக்காவுக்குத் திரும்பட்டும் என்றது. குழந்தையின் ஆசை என்ன என்பதைப் பேசித் தெரிந்துகொள்ளலாம், எது அதற்கு நல்லது என்பது எல்லாவற்றையும் பார்த்து கோர்ட் தீர்மானிக்க வேண்டிய வேறு கேள்வி என்றது அந்தத் தீர்ப்பு. மேலே சொன்ன மூன்றாவது பாடம் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். அந்த இரண்டு கேள்விக்கும் தரவு சேகரித்து, பள்ளி, நண்பர்கள், தாத்தா பாட்டி, டாக்டர் எல்லாரையும் விசாரித்து கோர்ட் முன் வைக்க, இரண்டு பெற்றோரிடமும் சம்பளம் வாங்காத ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்கென்று நம் சட்டம் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை.

குழந்தைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவது பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2009-ல் சட்ட ஆணையம் சேரச் சொன்னது. 2016-ல் ஒரு மசோதாவே எழுதிக் கொடுத்தது. வன்முறைக்குத் தப்பி வரும் பெண்களைத் திருப்பி அனுப்புவதாக ஆகிவிடும் என்ற எதிர்ப்பு பலமாக வந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் உடன்படிக்கையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் குழந்தைக்கு ஒரு வக்கீல் வைக்கலாம். டில்லி உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மாவட்டக் கோர்ட், ஒரு சட்டப் பள்ளி, ஒரு மனநல மருத்துவமனை, ஒரு சட்ட உதவி ஆணையம் சேர்ந்தால் போதும். பெங்களூரில் நாலும் இருக்கின்றன.

செலவு யார் கொடுப்பது என்பார்கள். நியாயமான கேள்வி. இங்கே சட்ட உதவி அமைப்பு வழியாகப் பணம் வருகிறது, வசதியுள்ள பெற்றோரிடம் பங்கு கேட்கிறார்கள். மூன்றாவது வக்கீல் வந்தால் வாய்தா இன்னும் கூடாதா என்பார்கள். பயிற்சி இல்லாதவர் வந்தால் கூடும். அதனால்தான் நியமனத்துக்கு முன்னால் பயிற்சியைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

கடைசியாக, இப்போது இந்தச் சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. இது சட்ட ஆலோசனை இல்லை, உங்கள் வக்கீலைக் கேளுங்கள். ஆனால் அவரிடம் இதையும் கேளுங்கள்: எங்கள் பிள்ளைக்குத் தனியாக ஒருவரை நியமிக்கச் சொல்லி நாமே மனு போடலாமா? பெற்றவர் ஒருவர் இப்படிக் கேட்டால், நீதிபதியே யோசித்துச் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆள் உங்களுக்கு எதிராகவும் பேசக்கூடும். அதற்கும் தயாராகத்தான் கேட்க வேண்டும். பிள்ளையைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிற அன்று காலையில், என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிக் கொடுக்காதீர்கள். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். கேட்கத் தெரிந்தவர் கேட்டால் சொல்வாள்.